சுவக்கீன்ர முன்பல்லு

அவன்ர முன்பல்லை உடைச்சது நான்தான், தம்பி. செல் இல்லை. நீங்கள் விசிறிக்கொண்டிருக்கிற அந்த நோட்டீஸை ஒருக்கா நிமித்தி வாசியுங்கோ. ‘இறுதிப் போரில் எறிகணைத் துண்டு பட்டுப் பற்களை இழந்த கலைஞர்’ எண்டு கிடக்கோ? கிடக்கும். நேற்று மண்டப வாசலில அதை வாசிச்ச நேரம் தொடக்கம் எனக்கு வயிறு பத்தி எரியுது. செல்லுக்கு வேற வேலை இல்லையோ, ஒருத்தன்ர வாயைத் தேடிப் பூந்து மேல்வரிசை முன்பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போக? நான் உடைச்சனான். துடுப்பால. ரெண்டு கையாலயும் பிடிச்சு.

எழும்பாதேங்கோ, இருங்கோ. பஸ்சில வேற இடமும் இல்லை. நான் சும்மா போற வாற ஆக்களை அடிக்கிற ஆளில்லை. உந்தக் கொண்டக்டர் இப்ப ரெண்டாந்தரம் என்ர காலை மிதிச்சிட்டுப் போறான், நான் ஏதும் செய்தனானோ? பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள். பொறுமையான ஆள் நான்.

என்னை உங்களுக்குத் தெரியாது. சங்குமுனை மடுத்தீன் சம்மாட்டி எண்டு எங்கட கரையில கேட்டா ஆரும் சொல்லுவினம். இப்ப ஒரேயொரு வள்ளம். அப்ப கரைவலை, வள்ளங்கள், என்னை நம்பித் தொழில் செய்யிற சனம் எண்டு பெரிய கூட்டம். சம்மாட்டி எண்டா சும்மா முதல் போட்டிட்டுக் கதிரையில இருக்கிற வேலை எண்டு நினையாதேங்கோ. ஆக்களை மேய்க்கவேணும். கை நீட்டாமல் கடல் தொழில் நடக்காது. ஒருத்தன் வெறியில என்ர வலையை வெட்டிப்போட்டான். அவன்ர விரலை வள்ளத்து விளிம்பில வைச்சு, கல்லால நசிச்சனான். எலும்பு நொறுங்கிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த வருசம் தன்ர பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்கச்சொல்லி என்னட்டைத்தான் வந்தவன். அந்த விரல் மடங்காது, அப்பிடியே கும்பிட்டுக்கொண்டு நிண்டான். அப்ப என்னில அவனுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கவேணும், பாருங்கோ.

சுவக்கீன் என்ர மனுசி எமில்டாவின்ர தம்பி. எனக்கு மச்சான். தாய் தேப்பன் இல்லை, அக்காவோட வந்து என்ர வீட்டில வளர்ந்தவன். கடலுக்குக் கொண்டுபோனா வயித்தைப் பிரட்டிச் சத்தியெடுப்பான். கரையில வலை இழுக்கவிட்டாக் கை கொப்புளிச்சுப்போடும். ஒண்டுக்கும் உதவாதவனெண்டு ரெண்டு மூண்டு தரம் நல்லாக் குடுத்தும் பாத்தனான், சரிவரேல்லை. பேந்து எங்கட புனித யாகப்பர் கோயில் பாண்ட் வாத்தியத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நான்தான் கொழும்பால சாக்சபோன் எடுப்பிச்சுக் குடுத்தனான். உள்ளதைச் சொன்னா என்ன, அவன் அதை வாயில வைச்சாப் போதும், கோயிலுக்குள்ள கதைச்சுக்கொண்டிருக்கிற பெண்டுகளே வாயை மூடும். செத்தவீட்டில அவன் ஊதினா, அழாமல் இருக்கிற ஆளும் சால்வையை எடுத்து முகத்தில வைக்கும்.

எங்கட ஊரில ஒரு பழக்கம் இருக்கு, தம்பி. அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு மிச்சம் விளங்கும். மே மாசம் வாற யாகப்பர் திருநாளுக்கு ஒரு சம்மாட்டி ஊருக்கே சாப்பாடு குடுக்கவேணும். சாப்பாடு ஆனவுடன கோயில் படியில நிண்டு ஒரு மெட்டு ஊதுவினம். அது திருநாளுக்கு மட்டும் ஊதிற மெட்டு. வேற எதுக்கும் ஊதக்கூடாது. அதைக் கேட்டா ஊரில இருக்கிற எல்லாரும் வந்து ஒரு வாயெண்டாலும் சாப்பிடவேணும். கோவக்காரனும் வரவேணும், கோட்டில வழக்காடுறவனும் வரவேணும். வராமல் விட்டா, குடுக்கிறவன்ர முகத்தில துப்பின மாதிரி. இன்னொண்டு, குடுக்கிறவன்ர பிள்ளைக்குத்தான் முதல் அகப்பை. அந்தப் பிள்ளை வாங்கினாப் பிறகுதான் மற்ற ஆக்களுக்கு. எங்கட மகள் ஜொவிற்றாவுக்கு அப்ப ஒம்பது வயசு. நடக்கத் தொடங்கின நாள் துவக்கம், நான் குடுத்த வருசமெல்லாம் முதல் அகப்பை அவள்தான் வாங்கினவள். அந்த மெட்டுக் கேட்டா ஒரு நடை நடந்து வருவாள் பாருங்கோ, பெரிய மனுசி மாதிரி. என்ர கண்ணுக்குள்ள நிக்குது.

கடைசிச் சண்டையில சங்குமுனையை விட்டு எழும்பின சனம், இடம் மாறி மாறி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில ஒரு மணல்திட்டியில போய் நிண்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பியள். தறப்பாளுக்குக் கீழ குழி, அதுதான் பங்கர். குழிக்கு மேல மண்மூட்டை. மண்மூட்டைக்குச் சாக்கு ஏது? சேலையைக் கிழிச்சுத் தைச்சு மண் நிரப்பிறது. எமில்டா தன்ர கலியாணச் சேலையைத்தான் முதல் வெட்டினவள். நாங்களெல்லாம் அரிசியையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓட, இவன் சாக்சபோனை நெஞ்சோட கட்டிக்கொண்டு ஓடினவன். ‘உதைத் தூக்கிக் கடலுக்க எறியடா’ எண்டு வழியெல்லாம் ஏசினனான். எறியேல்லை. எறிஞ்சிருந்தா என்ர பிள்ளை இருந்திருக்கும். அப்ப ஆரில பிழை, சொல்லுங்கோ பாப்பம்.

அங்க கிடக்கேக்க திருநாள் வந்திட்டுது. என்னட்டைக் கொஞ்ச அரிசி மிஞ்சிக் கிடந்தது. எமில்டா சொன்னாள், பிள்ளைக்கு வைப்பம் எண்டு. எனக்கு மனம் கேக்கேல்லை. சங்குமுனைச் சனம் முழுக்க அந்தத் திட்டியில பசியோட கிடக்குது, நான் சம்மாட்டி, யாகப்பர் திருநாள். அவ்வளவையும் போட்டுக் கஞ்சி வைச்சன். செல்லடிச்ச தென்னைக்குக் கீழ பெரிய அண்டா, கிண்டுறதுக்கு என்ர வள்ளத்துத் துடுப்பு. உப்பும் இருந்தது. தேங்காய்ப்பால்கூட ஒரு சொட்டு விட்டனான். ஆரும் குறை சொல்லேலாத கஞ்சி, தம்பி.

ஆனாச் சனம் வரேல்லை. மேல வண்டு சுத்திக்கொண்டிருந்தது. வண்டெண்டா ஆளில்லாத விமானம். அது இரைஞ்சுகொண்டு நிண்டா எங்க கூட்டம் கூடுதெண்டு பாக்குதெண்டு அர்த்தம், கொஞ்ச நேரத்தில செல் வரும். அது எங்களுக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு நாளும்தானே சுத்துது? சனம் குழிக்குள்ளயிருந்து தலையை நீட்டிப் பாத்திட்டுத் திரும்பப் பூந்திட்டுது. நான் அகப்பையும் கையுமா நிக்கிறன். கஞ்சி ஆறுது. பக்கத்துக் கரைச் சம்மாட்டி ஒருத்தர் தன்ர பங்கர் வாசலில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

‘சுவக்கீன், மெட்டை ஊது’ எண்டன்.

‘வேண்டாம் அத்தான். வண்டு நிக்குது. ஆக்கள் உள்ளுக்கயே இருக்கட்டும். வாளியில ஊத்தித் தாங்கோ, நான் பங்கர் பங்கராக் கொண்டுபோய்க் குடுக்கிறன்’ எண்டான்.

என்ர திருநாள் சாப்பாட்டை வாளியில. மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரி. என்ர சோத்தைத் திண்டு வளர்ந்தவன் எனக்குச் சொல்லுறான். ஒண்டே ஒண்டுதான் குடுத்தனான். காதைப் பொத்தி, இடப்பக்கம். ஆள் மணலில விழுந்து எழும்பினான். கடைவாயில ரத்தம். அதைத் துடைச்சுப்போட்டு எடுத்து ஊதினான். இப்ப நீங்களே சொல்லுங்கோ, விருப்பமில்லாதவன் அப்பிடி ஊதுவானோ? மெதுவா ஊதியிருக்கலாம். பிழையா ஊதியிருக்கலாம். இவன் கண்ணை மூடிக்கொண்டு, யாகப்பர் கோயில் படியில நிக்கிறமாதிரி, முழு மூச்சில ஊதினான். அதுதான் நான் அவனில காணுற குற்றம்.

சனம் வந்துது, தம்பி. அதுக்குப் பிறகு வராமல் இருக்கேலுமோ? ஒவ்வொரு குழியாலயும் ஏறி, பேணியும் கோப்பையும் ஏந்திக்கொண்டு வந்துதுகள். காயக்காரரைக்கூடக் கைத்தாங்கலாக் கூட்டிக்கொண்டு வந்திச்சினம். அந்தப் பக்கத்துக் கரைச் சம்மாட்டியும் எழும்பி வந்தார். நெருக்கி அடிச்சுக்கொண்டு நிண்டுதுகள். ‘ஊத்துங்கோ சம்மாட்டி, கெதியா ஊத்துங்கோ, ஓடிடுவம்’ எண்டு கத்துதுகள். நான் ஊத்தேல்லை. முதல் அகப்பை பிள்ளைக்கெல்லோ? ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு. ஜொவிற்றாவை எமில்டா பங்கருக்குள்ள சட்டையில பிடிச்சு வைச்சிருந்தவள். நான் இஞ்சயிருந்து கூப்பிட்டன். பிள்ளையை விடு, சனம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு. விட்டாள்.

வந்தாள். அதே நடை. கையில தகரப்பேணி.

செல் சத்தம் கேக்கிறது பிறகுதான், தம்பி. முதல் மணல் எழும்பும். அண்டா என்னில சரிஞ்சு விழுந்து, அதாலதான் நான் தப்பினனான். கஞ்சி சுட்ட தழும்பு இந்தக் கையில இருக்கு, பாருங்கோ. எழும்பிப் பாத்தா, வரிசையில நிண்ட ஆக்கள் வரிசையாவே கிடக்கினம். கஞ்சிக்கு மேல ரத்தம் ஓடி, மணல் உறிஞ்சமாட்டன் எண்டு நிக்குது. ஒரு தாய், பிள்ளையின்ர கையை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். பக்கத்துக் கரைச் சம்மாட்டிக்கு நெஞ்சு இருக்கேல்லை. ஜொவிற்றாவின்ர முகத்தில ஒரு கீறலும் இல்லை. இடுப்புக்குக் கீழ நான் பாக்கேல்லை. உடுத்திருந்த சாரத்தைக் கழட்டி மூடினனான்.

அந்த நேரம் மெட்டுக் கேக்குது.

நிப்பாட்டினவனோ எண்டு கேளுங்கோ. இல்லை. அதே தென்னைக்குக் கீழ, கண்ணை மூடிக்கொண்டு, மேல் முழுக்கச் சதை தெறிச்சுக் கிடக்க, ஊதிக்கொண்டு நிக்கிறான். மூக்கால இழுத்து வாயால விட்டு, விட்டு, முடிவில்லாமல். காது அடைச்சுப்போச்சாம், ஒண்டும் கேக்கேல்லையாம், என்ன நடந்ததெண்டே தெரியாதாம். இடது காது அண்டைக்குப் போனதுதான், இண்டைக்கும் மிசின் பூட்டித்தான் கேக்கிறவன். செல் சத்தத்தில போனதெண்டு சொல்லுறான். அது மெய்யா இருக்கலாம்.

அந்த மெட்டைக் கேட்டு, தூரத்துக் குழியில இருந்தெல்லாம் ஆக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கினம். ‘நிப்பாட்டடா’ எண்டு கத்தினன். நிப்பாட்டேல்லை. கஞ்சி கிண்டின துடுப்புக் காலடியில கிடந்தது. எடுத்து, வாயைப் பாத்து, வீசி ஒரு அடி. சாக்சபோன் வாய்க்கட்டை தொண்டைக்குள்ள போய்த் திரும்பி வந்துது. முன்பல்லு ரெண்டும் மணலில. முகம் முழுக்க ரத்தம். விழுந்தவனுக்கு இன்னும் குடுத்தனான். முதுகில, கையில, கண்ட கண்ட இடத்தில. ரெண்டாஞ்செல் வந்து விழுந்துதான் நான் விட்டனான். இல்லாட்டி அண்டைக்குச் சாகடிச்சிருப்பன், சத்தியமா. பிள்ளையைச் சாகடிச்சவனை வேற என்ன செய்யிறது?

பேந்து சண்டை முடிஞ்சு அகதி முகாமில டொக்குத்தர் கேட்டவர், வாய்க்கு என்ன நடந்தது எண்டு. நான் பக்கத்தில நிக்கிறன். இவன் ‘செல்’ எண்டான். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அண்டைக்கே ‘அத்தான் அடிச்சவர்’ எண்டு சொல்லியிருந்தா, ஏன் அடிச்சனான் எண்டு நானும் சொல்லியிருப்பனெல்லோ? அந்த வாய்ப்பை அவன் எனக்குத் தரேல்லை. சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தும், இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. என்னை எவ்வளவு கேவலமா நினைச்சிருந்தா அப்பிடி மறைப்பான்?

எமில்டாவோ? எமில்டா கதைக்கிறேல்லை. அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்லை. சமைப்பாள், போடுவாள், என்ர சாரம் தோய்ப்பாள். சாப்பாடு ஆனாக் கோழிக்குச் சொல்லுவாள், ‘சாப்பாடு போட்டிருக்கு’ எண்டு. நான் கேட்டுக்கொண்டு போய் இருந்து சாப்பிடுவன். பதினைஞ்சு வருசமா அந்தக் கோழிகளோட கதைச்சதில பாதி என்னோட கதைச்சிருந்தாப் போதும். முந்தியெண்டாக் கோயில் பாடகர் குழுவில அவளின்ர குரல்தான் மேல நிக்கும், வீட்டிலயும் வாய் ஓயாது. பிள்ளை போன துக்கம். அதோட தம்பிக்காரனில கோவம், அதை வெளியில விடவும் ஏலாது. ரெண்டு பக்கமும் இழுபட்டா மனுசி என்ன செய்வாள்? நான் அப்பிடித்தான் கணக்குப் போட்டனான். அவன் ஒருநாள் வந்து, நாலு பேருக்கு முன்னால, ‘என்ர ஊதலாலதான் பிள்ளை செத்தது’ எண்டு வாயால ஒத்துக்கொண்டா, எமில்டாவுக்கு அந்த முடிச்சு அவிழும். என்னோட கதைப்பாள். எனக்கு அவ்வளவும்தான் வேணும், தம்பி. வேற ஒண்டும் வேண்டாம்.

அவன் என்ன செய்தான் தெரியுமோ? அதை ஒரு இசை உருப்படி ஆக்கிப்போட்டான். வேற வாத்தியம் இல்லை, தனிச் சாக்சபோன். எங்கட திருநாள் மெட்டை வைச்சு. பெரிய பெரிய மண்டபமெல்லாம் ஊதினவனாம், வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கை தட்டினவையாம். பக்கத்து வீட்டுப் பெட்டை போனில போட்டுக் காட்டினாள். இடையில இடையில ‘ஸ்ஸ்ஸ்’ எண்டு காத்துப் போற சத்தம் கேக்குது. அது செல் கூவிக்கொண்டு வாற சத்தம், எப்பிடித்தான் அந்த வாத்தியத்தில கொண்டுவந்தானோ எண்டு ஆரோ பேப்பரில எழுதியிருக்கினமாம். எந்தச் செல்? மேல்பல்லை வாய்க்கட்டையில ஊண்டித்தான் சாக்சபோன் ஊதிறது. பல்லு இல்லாத ஓட்டையால காத்துப் போகுது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை அவனுக்குக் குடுத்தது என்ர துடுப்பு. உலகம் முழுக்க அதைக் கேட்டு அழுகுது, என்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை.

எமில்டாவுக்கு அவன் ஒரு போன் அனுப்பினவன். குசினித் தரையில இருந்து, காலமை பின்னேரம் எண்டில்லாமல் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் பறிச்சுச் சுவரில அடிச்சன், சிதறிப்போச்சு. அவள் பொறுக்கி எடுத்துக் கூட்டி அள்ளினாள். ஒரு மாசத்துக்குள்ள இன்னொரு போன் வந்துது. அதையும் உடைச்சிருப்பன், ஆனா உடைச்சு என்ன, அவன் திரும்பவும் அனுப்புவான் எண்டு விட்டிட்டன். அதுவும் பொறுமைதானே?

நேற்றுக் காலமை எழும்பிப் பாக்கிறன், வீடு திறந்து கிடக்கு, எமில்டா இல்லை. சங்குமுனை ஆக்கள் வாடகைக்கு வான் பிடிச்சு யாழ்ப்பாணம் போயிருக்கினம், சுவக்கீன் வந்து ஊதுறானாம், அவளும் ஏறிப் போயிட்டாள். எனக்கு ஒரு சொல்லு இல்லை. கோழிக்கும் சொல்லேல்லை. நான் பஸ் பிடிச்சுப் போனன். வெறுங்கையோடதான் போனனான், அதை நீங்கள் நம்பவேணும். அவனைப் பிடிச்சு மேடையில வைச்சே அந்த ஒரு சொல்லைச் சொல்லுவிக்கிறது எண்டதுதான் என்ர எண்ணம். சொல்லமாட்டன் எண்டாக் கழுத்தைத் திருகியெண்டாலும் சொல்லுவிச்சிருப்பன், பொய் சொல்லேல்லை.

மண்டபம் நிறைஞ்ச சனம். நான் பின் கதவடியில நிண்டன். எமில்டா முன் வரிசையில இருந்தாள். சுவக்கீன் வந்தான். நரைச்சுப்போனான். நல்ல உடுப்பு, காதில மிசின். ‘இது என்ர மருமகள் ஜொவிற்றாவுக்கு’ எண்டு மட்டும் சொன்னான். பேந்து செய்தான் பாருங்கோ ஒரு வேலை. வாய்க்குள்ள கையை விட்டுக் கட்டுப்பல்லைக் கழட்டினான். அவ்வளவு சனத்துக்கு முன்னால, கொஞ்சமும் கூச்சமில்லாமல். கைலேஞ்சியில சுத்திச் சட்டைப்பைக்குள்ள வைச்சான். பல்லைப் போட்டுக்கொண்டா அவனுக்குத் துப்பரவா ஊதலாம், தம்பி. மற்றப் பாட்டெல்லாம் அப்பிடித்தான் ஊதுறவனாம். இதுக்கு மட்டும் கழட்டுவானாம்.

ஊதினான். முதல்தரம் திருநாள் மாதிரியே வந்துது. உள்ளதைச் சொல்லுறன், எனக்கு அண்டாவில கஞ்சி மணக்கிற மாதிரி இருந்தது. சங்குமுனைச் சனம் கதிரையில நெளியுதுகள், எழும்பி வரச்சொல்லிக் கால் கேக்குது போல. ரெண்டாந்தரம் ஸ்ஸ்ஸ் எண்டு காத்தோட வந்துது. பேந்து நிப்பாட்டேல்லை. மூச்சு எடுக்கிறதே தெரியேல்லை. மெட்டு உடையுது, சிதறுது, எச்சில் வழியுது, முகம் கறுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது, திரும்பத் திரும்ப ‘சாப்பிட வாங்கோ, சாப்பிட வாங்கோ’ எண்டு கூப்பிடுறான். என்ர பிள்ளை பங்கருக்குள்ளயிருந்து ஏறி வாறாள். அதே நடை. நான் பாக்கிறன், தம்பி, அந்த மண்டபத்துக்குள்ள, கதிரைக்கு நடுவால நடந்து வாறாள், பேணியோட. அவன் நிப்பாட்டினாத்தான் பிள்ளை திரும்பிப் போகும். நிப்பாட்டிறான் இல்லை.

‘நிப்பாட்டடா’ எண்டு கத்தினன்.

கத்தினன் எண்டு சொன்னாப் போதாது. கடலில வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுற குரல் எனக்கு. மண்டபமே அதிர்ந்துது. அவன் சாக்சபோனை விட்டிட்டான். வாரில தொங்கிக்கொண்டு நிண்டுது. ரெண்டு கையையும் தூக்கி, இப்பிடி, முழங்கையால வாயைப் பொத்திக்கொண்டு, குறுகி நிண்டான். ஐம்பது வயசு ஆம்பிளை. உலகம் சுத்தி வந்தவன்.

பின்னால இருந்த கொஞ்சப் பேர் கை தட்டினவை. பாட்டு அப்பிடித்தான் முடியிறதெண்டு நினைச்சிருப்பினம். சங்குமுனை ஆக்கள் தட்டேல்லை. அவை ஒவ்வொருத்தராத் திரும்பி என்னைப் பாத்தினம். விரல் நசிஞ்சவனும் அதில இருந்தான். ஒருத்தரும் ஏசேல்லை, எழும்பி அடிக்க வரேல்லை. வந்திருந்தா எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரிஞ்சிருக்கும். சும்மா பாத்துக்கொண்டே இருந்தினம்.

எமில்டா எழும்பி மேடைக்கு ஏறினாள். தம்பியின்ர கையை ஒவ்வொண்டாப் பிடிச்சுக் கீழ இறக்கினாள். தன்ர சேலைத் தலைப்பால அவன்ர வாயைத் துடைச்சாள். துடைச்சுப்போட்டு, அவனுக்கு முன்னால வந்து, என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாள். மைக் அவளின்ர குரலை எடுத்துக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுவந்துது.

‘நீங்கள் வீட்டை போங்கோ. நான் வரேல்லை’ எண்டாள்.

என்னட்டை, தம்பி. கோழியிட்டை இல்லை. என்ர முகத்தைப் பாத்து, என்னட்டைச் சொன்னவள். எனக்கு முதல் அவள் என்ன சொன்னாளெண்டே விளங்கேல்லை, குரலைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டன். குரல் கொஞ்சம் தடிச்சுப்போச்சு. போகச்சொன்னாள், வந்திட்டன். இரவு பஸ் நிலையத்தில சனம் குந்திற வாங்கிலில படுத்தன். நித்திரை வரேல்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பாத்துக்கொண்டு கிடந்தன். கோவம் ஆறாத மனுசி ‘நீங்கள்’ எண்டு மரியாதையாச் சொல்லுவாளோ? சொல்லமாட்டாள். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு வாயைத் திறந்திருக்கிறாள், முதல்நாளே எல்லாத்தையும் எதிர்பாக்கேலாது. நான் போய் வீட்டைக் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு, அடுப்பை மூட்டி வைக்கப்போறன். ரெண்டு நாள் அக்காவும் தம்பியும் இருந்து கதைக்கட்டும். வருவாள். நீங்கள் என்ன நினைக்கிறியள்? வருவாள்தானே?

நீங்கள் இறங்கிற இடம் வந்திட்டுதோ? கொஞ்சம் பொறுங்கோ, கொண்டக்டரை நான் மறிச்சு வைச்சிருக்கிறன், ஒண்டே ஒண்டு கேக்கவேணும். நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரித் தெரியுது. எனக்கு எல்லாம் விளங்குது, இது ஒண்டுதான் விளங்கேல்லை. நான் பின் கதவடியில நிண்டனான். அவன் அங்க மேடையில. நடுவில அவ்வளவு சனம், அவ்வளவு கதிரை. என்ர கையில ஒண்டும் இருக்கேல்லை. பிறகேன் அவன் அப்பிடி வாயைப் பொத்தினவன்? நான் கையை ஓங்கக்கூட இல்லை, தம்பி.